பழைய கம்ப்யூட்டரை மூடக் கூலி வாங்கலாமா?

கம்ப்யூட்டருக்கும் வயதாகிறது. 20 வயதில் அது கிழடு. 40 வயதில் தொண்டு கிழம்! என்றைக்காவது ஒரு நாள் அதற்கு ஓய்வு கொடுத்தே தீரவேண்டும்.

அதை மூடுவது யார்?

அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். காண்டிராக்டு பேசிக்கொண்டு வருவார்கள். பழைய கம்ப்யூட்டரில் உள்ள கணக்குகளை எல்லாம் புதியதற்கு மாற்றுவார்கள். பிறகு பழையதை நிறுத்துவார்கள். கூலியை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவார்கள்.

உலகம் முழுவதும் இந்த வேலை நடக்கிறது. சென்னையில் உட்கார்ந்துகொண்டே, அமெரிக்க, ஐரோப்பிய கம்பெனிகளுக்கு இந்த வேலையைச் செய்து கொடுக்கும் இளைஞர்கள் உண்டு.

பார்த்தால் இது சாதாரண வேலை. ஒரு சுவிட்சை அணைப்பதில் என்ன பாவம், என்ன புண்ணியம்?

இருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டரை நம்பி லட்சக்கணக்கான வீடுகளில் உலை கொதித்துக்கொண்டு இருக்கலாம். சுவிட்சை அணைத்தால், உலையும் அணைந்து போகலாம். அப்படி நடந்தும் இருக்கிறது!

வயதான கணக்குப்பிள்ளை

பெரிய பெரிய பாங்கிகளிலும் சர்க்கார் இலாகாக்களிலும் பழைய கம்ப்யூட்டர்கள் இன்னும் ஓடிக்கொண்டு இருக்கின்றன. "கோபால்" என்று ஒரு கம்ப்யூட்டர் பாஷை உண்டு. (நம் ஊர்க் கோபால் அல்ல!) 1959-ம் ஆண்டு அமெரிக்காவில் கூடிய ஒரு குழு அதை உருவாக்கியது. அந்தப் பாஷையில் அன்றைக்கு எழுதிய கட்டளைகளின் மேல், மேலும் மேலும் எழுதிக்கொண்டே போனார்கள். எழுதியவர்களில் பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். சிலர் உயிரோடும் இல்லை.

இந்தக் கம்ப்யூட்டர், வயதான கணக்குப்பிள்ளை மாதிரி. கடையில் யாருக்கு எவ்வளவு பாக்கி, யாருக்கு எந்தச் சலுகை என்பது எல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவர் ஒரு நாள் படுத்துக்கொண்டால் முதலாளிக்குக் கை ஓடாது, கால் ஓடாது.

அப்படியானால் பழைய கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிடலாமே? அதுவும் ஆபத்துதான்.

2020-ம் ஆண்டு கொரோனா பரவிய நேரம். அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் கடைகளும் தொழிற்சாலைகளும் மூடப்பட்டன. இரண்டே வாரத்தில் 3 லட்சத்து 62 ஆயிரம் பேர் வேலையில்லாதோர் உதவிப் பணம் கேட்டு மனுப் போட்டார்கள். மனுக்களைக் கவனிக்க வேண்டிய கம்ப்யூட்டருக்கு வயது 40-க்கு மேல்! அது திணறியது.

மாநில கவர்னர் பில் மர்பி, "கோபால் பாஷை தெரிந்தவர்கள் உதவிக்கு வரவேண்டும்" என்று பகிரங்கமாக வேண்டுகோள் விடுத்தார். அந்த ஏப்ரல் மாதம் உலகமே அதைப் பார்த்து வியந்தது.

ஆகவே பழையதை மூடத்தான் வேண்டும். மூடுவது குற்றம் அல்ல. எப்போது மூடுகிறோம், எப்படி மூடுகிறோம் என்பதில்தான் நியாயமும் அநியாயமும் இருக்கிறது. இதற்கு ஒரு தேசமே சாட்சி. அதுதான் கனடா.

சாம்பல் பறவை

கனடா சர்க்காரில் அப்போது சுமார் 2 லட்சத்து 90 ஆயிரம் ஊழியர்கள். 101 இலாகாக்கள். அவர்களுக்குச் சம்பளம் போட்ட கம்ப்யூட்டர் 40 ஆண்டு பழையது. அதை மூடிவிட்டுப் புதியது கொண்டுவர 2009-ம் ஆண்டு தீர்மானித்தார்கள். புதியதற்கு "பீனிக்ஸ்" என்று பெயர் வைத்தார்கள். பீனிக்ஸ் என்பது, எரிந்த சாம்பலில் இருந்து உயிர் பெற்று எழுவதாகக் கதைகளில் வரும் பறவை.

"புது ஏற்பாட்டினால் ஆண்டுக்கு 7 கோடி டாலர் மிச்சம்" என்று கணக்குப் போட்டார்கள். 2011-ல் ஐ.பி.எம். கம்பெனிக்கு காண்டிராக்டு கொடுக்கப்பட்டது.

சம்பளம் போடுவது என்ன பெரிய வித்தை என்று தோன்றும். ஆனால் அங்கே சம்பளம் சம்பந்தமான விதிகள் மட்டும் 80 ஆயிரத்துக்கு மேல்! பிரசவ லீவில் போனவருக்கு ஒரு விதி. இரவு வேலை பார்ப்பவருக்கு ஒரு விதி. மேல் அதிகாரிக்குப் பதிலாகச் சில நாள் பொறுப்பு வகித்தவருக்கு ஒரு விதி. பழைய கம்ப்யூட்டருக்குத் தெரியாததைச் சம்பளக் குமாஸ்தாக்கள் தெரிந்து வைத்திருந்தார்கள். தவறு வந்தால் கையால் திருத்துவார்கள்.

1,200 பேர் போனார்கள். 460 பேர் வந்தார்கள்

அந்தக் குமாஸ்தாக்களைத்தான் சர்க்கார் முதலில் வீட்டுக்கு அனுப்பியது!

46 இலாகாக்களில் இருந்த சுமார் 1,200 சம்பளக் குமாஸ்தா வேலைகள் ஒழிக்கப்பட்டன. அதற்குப் பதிலாக மிராமிச்சி என்ற ஊரில் ஒரே ஒரு சம்பள ஆபீஸ் திறந்தார்கள். அது கிழக்கே நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் உள்ள சிறிய ஊர். அங்கே 460 குமாஸ்தாக்களும் 90 உதவியாளர்களும் நியமிக்கப்பட்டார்கள்.

வீடு, வாசல், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போகப் பழைய குமாஸ்தாக்களில் பெரும்பாலோர் விரும்பவில்லை. வேலைக்கு வந்தவர்கள் புதியவர்கள்.

முன்பு ஒரு குமாஸ்தா சுமார் 184 பேருடைய சம்பளக் கணக்கைப் பார்த்தார். மிராமிச்சியில் ஒருவரால் சுமார் 150 பேருடைய கணக்கைத்தான் பார்க்க முடிந்தது. "பீனிக்ஸ் வந்துவிட்டால் ஆளுக்கு 200 பேர் கணக்கைப் பார்த்துவிடலாம்" என்று அதிகாரிகள் நம்பினார்கள். அந்த நம்பிக்கைதான் மோசம் செய்தது.

பாதி வேலைக்கு முழு மணி

2012-ம் ஆண்டு, வேலையைத் திட்டமிட்டுப் பார்த்த ஐ.பி.எம். கம்பெனி ஒரு கணக்கைச் சொன்னது. "இதைச் செய்து முடிக்க 27 கோடியே 40 லட்சம் டாலர் ஆகும்" என்றது. சர்க்கார் ஒதுக்கிய பணமோ 15½ கோடி டாலர்!

பொறுப்பில் இருந்த அதிகாரிகள் என்ன செய்தார்கள்? மேலும் பணம் கேட்கவில்லை. வேலையைக் குறைத்தார்கள்! பீனிக்ஸ் செய்யவேண்டிய காரியங்கள் 984. அவற்றில் 100-க்கு மேற்பட்டவற்றை நீக்கினார்கள். அல்லது "பிறகு பார்க்கலாம்" என்று தள்ளி வைத்தார்கள். சம்பள உயர்வு பின் தேதியிட்டு வந்தால் பாக்கியைக் கணக்கிட வேண்டும் அல்லவா? அதுவும் தள்ளி வைக்கப்பட்டது.

ஒரே ஒரு இலாகாவில் மட்டும் முதலில் ஓட்டிப் பார்ப்பதாக இருந்தது. அந்தச் சோதனையை 2015-ல் ரத்து செய்தார்கள். முழு யந்திரத்தையும் ஆரம்பம் முதல் கடைசி வரை ஓட்டிச் சோதிக்கவே இல்லை.

எச்சரிக்கை வராமல் இல்லை. 14 இலாகாக்கள் கவலை தெரிவித்தன. கார்ட்னர் என்ற ஆலோசனைக் கம்பெனியிடம் சர்க்காரே ஒரு அறிக்கை கேட்டது. "கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். பழையதையும் சேர்த்து ஓட்டுங்கள்" என்று யோசனை வந்தது.

யாரும் கேட்கவில்லை. 2016 பிப்ரவரி 24-ந் தேதி 34 இலாகாக்கள் பீனிக்சுக்கு மாறின. ஏப்ரல் 21-ந் தேதி மீதி 67 இலாகாக்களும் மாறின. பழைய கம்ப்யூட்டருக்கு விடை கொடுத்தாயிற்று. திரும்பிப் போக வழி இல்லை.

சம்பள நாளில் சம்பளம் இல்லை

அதன் பிறகு நடந்தது கனடாவையே உலுக்கியது.

சிலருக்குப் பாதிச் சம்பளம் வந்தது. சிலருக்கு ஒன்றுமே வரவில்லை. சிலருக்கு அளவுக்கு மேல் வந்தது. அதுவும் தொல்லைதான்! வந்த பணத்துக்கு வரி பிடித்தார்கள். பிறகு முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்டார்கள்.

புதிதாக வேலையில் சேர்ந்தவர்கள், லீவில் இருந்து திரும்பியவர்கள், தாற்காலிக ஊழியர்கள் அதிகம் அவதிப்பட்டார்கள். வீட்டுக் கடன் தவணை கட்ட முடியவில்லை. கடன் அட்டையில் கடன் ஏறியது. யாரிடம் கேட்பது? முன்பு பக்கத்து அறையில் சம்பளக் குமாஸ்தா இருந்தார். இப்போது டெலிபோனில் காத்துக் கிடக்க வேண்டும்.

2017 ஜூன் மாதம் சுமார் 1½ லட்சம் ஊழியர்களின் சம்பளத்தில் தீராத சிக்கல் இருந்தது. கூடக் கொடுத்ததும் குறையக் கொடுத்ததுமாகச் சேர்த்தால், 52 கோடி டாலருக்கு மேல் கணக்குத் தப்பி இருந்தது!

ஆண்டுக்கு 7 கோடி டாலர் மிச்சம் பிடிக்கப் போனவர்கள், 100 கோடி டாலருக்கு மேல் எதிர்பாராத செலவில் மாட்டிக்கொண்டார்கள்.

குற்றம் யாருடையது?

கனடாவின் தலைமைத் தணிக்கை அதிகாரி மைக்கேல் பெர்குசன் இதை ஆராய்ந்தார். 2018 மே மாதம் அறிக்கை கொடுத்தார். "இவ்வளவு பெரிய தோல்வியைப் புரிந்துகொள்ளவே முடியவில்லை" என்ற கருத்தில் கண்டித்தார். திட்டத்தை நடத்திய அதிகாரிகள் செலவையும் தேதியையுமே பெரிதாக நினைத்தார்கள் என்பது அவர் கண்ட முடிவு.

குற்றம் அதிகாரிகள் மேல் விழுந்தது. அது நியாயம்தான். ஆனால் கூலி வாங்கி வேலை செய்தவர்களுக்குப் பொறுப்பே இல்லையா?

"பணம் போதாது" என்று கம்பெனி உண்மையைச் சொன்னது. அதுவரை சரி. அதன் பிறகு சர்க்கார் வேலையைக் குறைத்தது. குறைந்த வேலையைக் கம்பெனி செய்து கொடுத்தது. சட்டப்படி இதில் தப்பில்லை. கேட்டதைத்தானே கொடுத்தார்கள்!

ஆனால் ஒரு கொத்தனாரை நினைத்துப் பாருங்கள். "இரண்டு மாடிக்கு இந்தக் கடைக்கால் போதாது" என்று அவருக்குத் தெரிகிறது. சொல்கிறார். வீட்டுக்காரர் கேட்கவில்லை. "சொன்னேன், என் கடமை தீர்ந்தது" என்று கட்டிக் கொடுத்தால் போதுமா? அந்த வீட்டில் படுத்துத் தூங்கப்போவது குழந்தைகள் அல்லவா?

கூலி கொடுப்பவர் ஒருவர். வேலையினால் கஷ்டமோ சுகமோ அடைபவர் வேறொருவர். கம்ப்யூட்டரை மூடும் தொழிலின் சிக்கலே இதுதான். கூலி கொடுப்பவர் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஏலத்துக்கு வந்த ரகசியம்

அமெரிக்காவில் நடந்த இன்னொரு சம்பவம் இதைத் தெளிவாகக் காட்டும்.

மார்கன் ஸ்டான்லி என்பது ஒரு பிரபல முதலீட்டுக் கம்பெனி. 2016-ல் அது தன் இரண்டு கம்ப்யூட்டர் நிலையங்களை மூடியது. பழைய யந்திரங்களை அப்புறப்படுத்தி, அவற்றில் உள்ள தகவல்களை அழிக்க வேண்டும். அந்த வேலையை யாரிடம் கொடுத்தது தெரியுமா? வீட்டுச் சாமான், ஆபீஸ் சாமான் ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனியிடம்! தகவல் அழிப்பதில் அதற்கு அனுபவமே கிடையாது.

சாமான் கம்பெனி, பழைய யந்திரங்களை வேறொருவருக்கு விற்றது. கை மாறிக் கை மாறி அவை இணையத்தில் ஏலத்துக்கு வந்தன. அடுத்த ஆண்டு, ஓக்லஹோமா மாநிலத்தில் ஒரு கம்ப்யூட்டர் ஆலோசகர் சில ஹார்டு டிஸ்க்குகளை வாங்கினார். திறந்து பார்த்தால், மார்கன் ஸ்டான்லியின் தகவல்கள் அப்படியே இருக்கின்றன! அவரே கம்பெனிக்கு எழுதித் தெரிவித்தார்.

வாங்கியவர் நல்லவராக இருந்ததால் விஷயம் வெளியே வந்தது. திருடன் கையில் கிடைத்திருந்தால்?

2020-ல் பாங்கிகளைக் கண்காணிக்கும் சர்க்கார் அமைப்பு, மார்கன் ஸ்டான்லிக்கு 6 கோடி டாலர் அபராதம் போட்டது. 2022-ல் பங்கு மார்க்கெட்டைக் கண்காணிக்கும் அமைப்பு மேலும் 3½ கோடி டாலர் தண்டம் விதித்தது. தகவல்களைக் காப்பதில் பல ஆண்டு நடந்த தவறுகளால் சுமார் 1½ கோடி வாடிக்கைக்காரர்களின் விவரங்கள் பாதுகாப்பின்றி இருந்தன என்று அது கூறியது.

அபராதம் கட்டியது பெரிய கம்பெனி. ஆனால் தெரியாத வேலையைத் "தெரியும்" என்று ஏற்றுக்கொண்டவர் செய்ததும் தப்புதானே?

"தயார்" என்று ஒரு கடிதம்

இங்கிலாந்தில் டி.எஸ்.பி. என்று ஒரு பாங்கி. அப்போது அதற்கு 52 லட்சம் வாடிக்கைக்காரர்கள். லாயிட்ஸ் பாங்கியின் பழைய கம்ப்யூட்டரை அது வாடகைக்கு எடுத்தது போல் பயன்படுத்தி வந்தது. அதை விட்டு, தன் தாய்க் கம்பெனி ஏற்பாடு செய்த புதிய கம்ப்யூட்டருக்கு மாற முடிவு செய்தது.

மாற்றும் வேலையைச் செய்த கம்பெனி வேறு 85 கம்பெனிகளின் உதவியை நம்பி இருந்தது. "எல்லாம் தயாரா?" என்று பாங்கி கேட்டது. கம்பெனியிடம் இருந்து கடிதம் வந்தது. ஆனால் அதைக் கூர்ந்து படித்தால், பல விஷயங்களில் "தயார்" என்று இல்லை. "தயாராகிவிடும்" என்றுதான் இருந்தது!

2018 ஏப்ரல் மாதம் ஒரு சனி, ஞாயிறில் மாற்றினார்கள். கணக்குகள் ஒழுங்காக வந்து சேர்ந்தன. ஆனால் புது யந்திரம் தடுமாறியது. லட்சக்கணக்கானவர்கள் தங்கள் கணக்கைத் திறக்கவே முடியவில்லை. எல்லாம் சீராக டிசம்பர் மாதம் ஆயிற்று.

பாங்கிக்கு 4 கோடியே 86½ லட்சம் பவுன் அபராதம். அதோடு விடவில்லை. "காண்டிராக்டுக் கம்பெனி தயாரா என்று சரியாக விசாரிக்கவில்லை" என்று, பாங்கியின் தலைமைக் கம்ப்யூட்டர் அதிகாரிக்கு 2023-ல் தனியாக 81,620 பவுன் அபராதம் போட்டார்கள். அவர் தன் சொந்தப் பெயரில் பதில் சொல்ல வேண்டி வந்தது.

"நான் மறுத்தால் வேறொருவன் செய்வான்!"

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் சமாதானம் இது. இதில் பாதி உண்மை, பாதி பொய்.

வேலை தெரியாதவன் மறுத்தே ஆகவேண்டும். அவன் மறுத்தால், தெரிந்தவன் வர வழி பிறக்கும். வேலை தெரிந்தவன் மறுத்தால் என்ன ஆகும்? தெரியாதவன் வருவான். ஆகவே, தெரிந்தவன் அந்த வேலையை ஏற்பதுதான் நல்லது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல, நிபந்தனையோடு!

இதில் இன்னொரு தர்ம சங்கடமும் உண்டு. பழைய கம்ப்யூட்டரை 20 ஆண்டு, 30 ஆண்டாகப் பார்த்துக்கொண்ட ஊழியர் ஒருவர் இருப்பார். காண்டிராக்டுக்கு வந்தவர் அவரிடம்தான் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொண்டதும், அவருக்கு வேலை போய்விடும். அவர் கையாலேயே அவருக்குக் குழி!

அந்த ஊழியரின் வேலையைக் காப்பாற்றும் அதிகாரம் காண்டிராக்டுக்காரருக்கு இல்லை. ஆனால் பொய் சொல்லாமல் இருக்கலாமே! "உங்கள் வேலைக்கு ஒன்றும் ஆபத்து இல்லை" என்று தேன் தடவிப் பேசித் தகவல் கறப்பது வஞ்சகம். "புதியது காலூன்றி நிற்கும் வரை இவரை அனுப்பக் கூடாது" என்று முதலாளியிடம் எடுத்துச் சொல்வதுதான் முறை. இது இரக்கம் மட்டும் அல்ல, புத்திசாலித்தனமும்கூட. 1,200 குமாஸ்தாக்களை முதலில் அனுப்பிய கனடா சர்க்கார், பிறகு ஆள் தேடி அலைந்தது.

ஐந்து கேள்விகள்

இந்த வேலைக்குப் போகிறவர், கையெழுத்துப் போடுமுன் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும். உங்கள் வீட்டுப் பிள்ளை இந்தத் தொழிலில் இருந்தால், நீங்களே அவனிடம் கேளுங்கள்.

1. இந்தக் கம்ப்யூட்டர் ஒரு நாள் நின்றால் யார் வீட்டில் கஷ்டம்? அவர்களில் இரண்டு பேரையாவது நீ நேரில் பார்த்தாயா?

2. பழையதையும் புதியதையும் சில மாதம் சேர்த்து ஓட்டப்போகிறார்களா? இரண்டும் ஒரே விடை சொல்கிறதா என்று ஒத்துப் பார்ப்பார்களா?

3. புதியது படுத்துக்கொண்டால், பழையதற்குத் திரும்ப வழி இருக்கிறதா?

4. பழைய யந்திரத்தில் உள்ள ஜனங்களின் விவரங்களை அழிப்பது யார்? அழித்ததைச் சரிபார்ப்பது யார்?

5. "இன்னும் தயார் இல்லை" என்று எழுதிக் கொடுக்க உனக்கு உரிமை உண்டா? குறித்த தேதியில் முடித்தால்தான் கூலி என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா?

ஐந்தாவது கேள்விதான் முக்கியம். தேதிக்குக் கூலி என்று இருந்தால், உண்மையைச் சொல்ல வாய் வராது. முழு வேலைக்குக் கூலி என்று எழுதி வாங்க வேண்டும். அதற்கு முதலாளி சம்மதிக்காவிட்டால், அந்த வேலையை விட்டுவிட்டு வருவதே மரியாதை.

இப்படி நிதானமாக மாற்றியவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவின் காமன்வெல்த் பாங்கி 2008-ல் தன் பழைய கம்ப்யூட்டரை மாற்றத் தொடங்கியது. படிப்படியாக மாற்றி முடிக்க ஐந்து ஆண்டு ஆயிற்று. முதலில் போட்ட கணக்கு 58 கோடி ஆஸ்திரேலிய டாலர். கடைசியில் ஆன செலவு 100 கோடிக்கும் மேல். ஆனாலும் அந்த வேலை முடிந்தது, பாங்கி நிலைகுலையவில்லை.

கனடா சர்க்கார், பீனிக்சைக் கைவிட்டு வேறு ஏற்பாடு தேடப்போவதாக 2018-ல் அறிவித்தது. 2020-ல் பெரிய ஊழியர் சங்கம் ஒன்றோடு உடன்பாடு செய்துகொண்டு, ஆளுக்கு 2,500 டாலர் வரை நஷ்டஈடு கொடுக்கச் சம்மதித்தது. வட்டி கட்டியவர்களுக்கும் தூக்கம் இழந்தவர்களுக்கும் அது எந்த மூலைக்கு?

கிணறு வெட்டுகிறவர்களுக்குத் தெரிந்த நியாயம் ஒன்று உண்டு. புதுக் கிணற்றில் ஊற்று வந்ததா, தண்ணீர் குடிக்கும்படி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பழைய கிணற்றில் மண் போடுவார்கள். பழைய கம்ப்யூட்டரை மூடப் போகிறவரும் அப்படிச் செய்யட்டும். அவர் வாங்குகிற கூலி, வியர்வை சிந்தி உழைத்த கூலி. தாராளமாக வாங்கலாம்!